பீஷ்மரின் இரண்டு தீர்ப்புகள்: ஆட்ட விதியும் அதன் ஓட்டையும்

2024 நவம்பரில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் புதிய டன்ஜன் மாஸ்டர் கையேடு வெளிவந்தது. விதிகளை வளைத்து லாபம் பார்க்கும் ஆட்டக்காரர்களை என்ன செய்வது என்று அதில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதன் சாரம்: ஆட்ட விதிகள் இயற்பியல் அல்ல, ஆட்டத்தின் விலைப்பட்டியல் பொருளாதாரம் அல்ல, சண்டை விதிகள் எதிரியோடு சண்டை போடுவதற்கு மட்டும்தான், விதிகளை நல்லெண்ணத்தோடு படிக்க வேண்டும். படித்தபோது சரிதானே என்று தலையாட்டினேன். ரெண்டு நாள் கழித்து ஒரு குறை உறுத்த ஆரம்பித்தது. அந்தக் குறையைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. ஆனால் அதற்குப் போகும் வழி அஸ்தினாபுரத்துச் சபை வழியாகத்தான் போகிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 1974ல் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் உலகத்தையே எடுத்துக்கொள்கிறார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் பகடை உருட்டச் சொல்வார், எண்ணைப் பார்த்து உடைந்ததா இல்லையா என்று சொல்வார். நம்ம ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் கதை சொல்லி, கேலி பேசி, ஆட்டத்தை நகர்த்துவான் இல்லையா, அவனிடம் ஒரு தடிமனான விதிப்புத்தகத்தையும் தீர்ப்பு சொல்லும் அதிகாரத்தையும் கொடுத்தால் எப்படியோ அப்படி.

விதிப்புத்தகம் தடிமனாக இருந்தால் ஓட்டையும் இருக்கும். கோடு எழுதிப் பிழைப்பவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த ஆட்டத்தின் ரசிகர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளில் பிரபலமானது 'குடியானவர் பீரங்கி'. 2,280 குடியானவர்களை வரிசையாக நிறுத்துங்கள், ஒவ்வொருவருக்கும் 5 அடி இடம். ஒருவர் கையில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவர் வாங்க 'தயாராக இருக்கும் செயல்' என்று ஒரு விதி உண்டு. ஒரு சுற்று என்பது 6 வினாடி. விதிப்படி எத்தனை பேர் இருந்தாலும் எல்லாரும் அதே 6 வினாடிக்குள் தங்கள் செயலைச் செய்து முடிக்கலாம். அப்படியானால் முதல் ஆள் கையில் கொடுத்த ஈட்டி 6 வினாடியில் 11,400 அடி போய்விடும். கணக்குப் போட்டால் வினாடிக்கு சுமார் 580 மீட்டர், ஒலியைவிட வேகம். கடைசி ஆள் அதை எறிந்தால் எந்த டிராகன் தாங்கும்?

சிரிப்பு அடங்கிய பிறகு பாருங்கள், தந்திரம் எங்கே இருக்கிறது என்று. ஈட்டியை நகர்த்தும் வரைக்கும் விதிப்புத்தகம். அது போய் இடிக்கும் இடத்தில் மட்டும் நியூட்டன். விதிப்புத்தகத்தையே கடைசிவரை பின்பற்றினால், கடைசிக் குடியானவர் சாதாரணமாக ஒரு ஈட்டி எறிகிறார், ஆறுமுகப் பகடை ஒன்று உருட்டினால் என்ன வருமோ அவ்வளவுதான் சேதம். நியூட்டனையே முதலிலிருந்து பின்பற்றினால் ஈட்டி கை மாறிப் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும். எதை எடுத்தாலும் பீரங்கி கிடையாது. இரண்டிலிருந்தும் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்தால்தான் பீரங்கி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கர்ணன் வரும்போது தேவைப்படும்.

எல்லா ஓட்டையும் இப்படிப் போலி அல்ல. 1981ல் டக்ளஸ் லெனாட் என்ற கணினி ஆராய்ச்சியாளர், டிராவலர் என்ற விண்வெளிக் கதையாட்டத்தின் கப்பற்படைப் போட்டியில் கலந்துகொண்டார். விதிக்குள் ஒரு டிரில்லியன் கிரெடிட் செலவில் படை கட்ட வேண்டும். மற்றவர்கள் அழகான, சமநிலையான கப்பல்களோடு வந்தார்கள். லெனாட் எழுதிய யூரிஸ்கோ என்ற நிரல் விதிகளை மென்று தின்று, பெரும்பாலும் மெதுவாக நகரும், கவசமும் ஆயுதமும் மட்டும் அடைத்த 96 கப்பல்களைப் பரிந்துரைத்தது. ஜெயித்தார். அடுத்த வருஷம் விதிகளை மாற்றினார்கள். 1982லும் ஜெயித்தார். அதற்கப்புறம் நீங்கள் மறுபடி வந்து ஜெயித்தால் போட்டியையே நிறுத்திவிடுவோம் என்று சொல்ல, அவர் விலகிக்கொண்டார். இதில் யாரும் ஏமாற்றவில்லை. விதியைத்தான் விளையாடினார்கள். ஆனாலும் மற்ற ஆட்டக்காரர்களுக்கு விளையாடிய திருப்தி இருந்திருக்காது.

இந்த நிலைமைக்குத் தமிழில் என்ன சொல் என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறைத் திண்ணையில் சாக்பீஸில் கட்டம் போட்டுத் தாயம் ஆடிய காலத்தில் எங்களிடம் இதற்கெல்லாம் நல்ல சொற்கள் இருந்தன. யாரும் பார்க்காதபோது காயை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் கள்ளாட்டம். தோற்கிற நேரத்தில் "அதெல்லாம் செல்லாது, முதல்ல இருந்து ஆடலாம்" என்றால் அழுகுணி ஆட்டம். சென்னைக்காரர்கள் போங்காட்டம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்குத்தான் பெயர் இல்லை. தாயக்கட்டை இரண்டும் நீளமான நாலு பக்கப் பித்தளைக் கட்டைகள். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம். கை பழகிய பாட்டிகள் கட்டையை உருட்டாமல் தரையில் வழுக்கி விடுவார்கள், கேட்ட எண் விழும். போடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. கள்ளாட்டம் இல்லை, அழுகுணியும் இல்லை. சுற்றி இருப்பவர்கள் "இது ஆட்டமே இல்ல" என்று மட்டும் சொல்வார்கள். அப்புறம் "உருட்டித்தான் போடணும்" என்று ஒரு தெரு விதி பிறக்கும். பக்கத்துத் தெருவில் அது இருக்காது.

சரி, சபைக்கு வருவோம்.

சகுனி ஏமாற்றினான் என்றுதான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். செத்துப்போன அப்பாவின் எலும்பில் பகடை செய்தான், அது அவன் சொன்னபடி கேட்டது என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அந்த எலும்புக் கதை வியாச பாரதத்தில் இல்லை. வாய்மொழி மரபில் வளர்ந்தது. ஏன் வளர்ந்தது என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. வியாசர் சொல்லும் அநியாயம் கொஞ்சம் நுட்பமானது, திண்ணையில் சொன்னால் விளங்காது. மந்திரப் பகடை என்றால் உடனே விளங்கும். ஓட்டையைக் கதைக்காரர்கள் கள்ளாட்டமாக மாற்றிவிட்டார்கள், ஏனென்றால் கள்ளாட்டத்துக்குத்தான் நம்மிடம் சொல் இருக்கிறது.

வியாசரில் என்ன நடக்கிறது? ஆட்டம் தொடங்கும் முன்பே தருமனும் சகுனியும் விதி பற்றி வாதாடுகிறார்கள். வஞ்சனையான சூது பாவம், அதில் க்ஷத்திரிய வீரம் இல்லை என்கிறான் தருமன். சகுனியின் பதில் இன்றைக்கும் எந்த விளையாட்டு மன்றத்திலும் கேட்கலாம்: படித்தவன் படிக்காதவனை வெல்கிறான், பலசாலி பலவீனனை வெல்கிறான், எல்லாப் போட்டியும் இப்படித்தான், யாரும் அதை வஞ்சனை என்பதில்லை, உனக்கு அப்படித் தோன்றினால், பயமாக இருந்தால், எழுந்து போ. தருமன் எழவில்லை. அழைத்தால் பின்வாங்குவதில்லை என்பது அவன் விரதம்.

அதன்பிறகுதான் உண்மையான ஓட்டை வருகிறது. பந்தயப் பொருள் நான் தருகிறேன், எனக்காக மாமா ஆடுவார் என்கிறான் துரியோதனன். ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையாகப் படவில்லையே என்று தருமன் சொல்கிறான். சொல்லிவிட்டு, சரி, உன் விருப்பப்படியே நடக்கட்டும் என்றும் சொல்லிவிடுகிறான். மொத்தச் சூதாட்டத்தின் திறவுகோல் இந்த இடம்தான். துரியோதனன் தானே ஆடியிருந்தால் அது இரண்டு சுமாரான ஆட்டக்காரர்களுக்கு இடையிலான பந்தயம். பதிலி வந்ததும், ஒரு பக்கம் சொத்து மட்டும், ஆபத்து இல்லாத தேர்ந்த கை. இன்னொரு பக்கம் சொத்தும் கையும் ஆபத்தும் ஒரே ஆள். பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. ஒருவன் ஆட இன்னொருவன் பணயம் வைக்கலாமா என்று தருமன் துரியோதனனைப் பார்த்துக் கேட்கிறான். வியாசரைத் தழுவித்தான் எழுதினேன் என்று சொன்ன பாரதி, இந்தச் சின்ன விதிக் கேள்வியைத் தவறவிடவில்லை.

அந்த அவையில் பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார், விதுரர் இருக்கிறார். சூதே வேண்டாம் என்று விதுரர் மன்றாடுகிறார். ஆனால் பதிலி செல்லுமா என்ற குறிப்பான கேள்விக்கு யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. தருமனின் அரை மனது ஒப்புதலே தீர்ப்பாகிவிட்டது.

இங்கே அர்த்தசாஸ்திரத்தை ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாம். அதில் சூதாட்டத்துக்கு என்று ஒரு அதிகாரியே உண்டு. சூது ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும், வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். பகடையை அந்த அதிகாரிதான் தர வேண்டும், அதை மாற்றி வைத்தாலும் 12 பணம். ஜெயித்த பொருளில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. வருமானத்துக்கும் திருடர்களைக் கண்டுபிடிப்பதற்கும் செய்த ஏற்பாடுதான், நியாயத்தின் மேல் வந்த காதலால் அல்ல. ஆனாலும் விளைவாக ஒன்று நடக்கிறது: பகடை ஆடுபவனுடையதாக இல்லாமல் போகிறது. அஸ்தினாபுரத்தில் மண்டபமும் பகடையும் அவையும் ஒரே கட்சியினுடையவை.

இனி இரண்டாவது ஓட்டை. இதைக் கண்டுபிடித்தவள் திரௌபதி.

அவள் ஆட்டக்காரி அல்ல. ஆடிய இடத்தில்கூட இல்லை. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். ஆட்டத்தில் இருப்பார்கள், ஆனால் அவர்களுக்குத் தோல்வி கிடையாது. திரௌபதி அதற்கு நேர் எதிர். ஆட்டத்தில் இல்லை, தோல்வி மட்டும் அவளுக்கு. அழைக்க வந்தவனிடம் அவள் அழவில்லை, இது நியாயமா என்றுகூட முதலில் கேட்கவில்லை. போய் அந்தச் சூதாடியிடம் கேட்டு வா, முதலில் யாரைத் தோற்றார், தன்னையா என்னையா என்கிறாள். செயல்களின் வரிசை பற்றிய கேள்வி. மென்பொருள்காரனுக்கு இதைப் படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். முதல் பரிவர்த்தனையில் தன் உரிமைகளை எல்லாம் இழந்த பயனர் கணக்கு, இரண்டாவது பரிவர்த்தனையை எப்படிச் செய்தது? அது செல்லாது என்றால் அதற்கப்புறம் நடந்த எல்லாவற்றையும் பின்னோக்கி ரத்துசெய்ய வேண்டும். பாரதியின் பாஞ்சாலி இன்னும் நேரடியாகச் சொல்லிவிடுகிறாள்: தன்னைத் தோற்ற பிறகு என்னைக் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை.

சகுனிக்கு இந்த வரிசை முன்பே தெரிந்திருக்க வேண்டும். தருமன் தன்னைத் தோற்றதும், சொத்து மிச்சம் இருக்கும்போது தன்னைத் தோற்பது பாவம், இன்னும் பாஞ்சாலி இருக்கிறாள், அவளை வைத்து உன்னை மீட்டுக்கொள் என்று இழுத்தவன் அவன்தான். விதியை மேற்கோள் காட்டியே விதியைத் தாண்டவைக்கும் வேலை.

கேள்வி அவைக்கு வந்ததும் நடப்பது, நான் படித்த எந்த விதி விவாதத்தையும்விடச் செறிவானது. விகர்ணன் எழுகிறான். துரியோதனனின் தம்பி, அந்த அவையில் வயதில் சின்னவன். அரசர்களைக் கெடுக்கும் பழக்கங்களில் சூதும் ஒன்று, அதில் மூழ்கியவன் செய்த செயலை உலகம் ஏற்பதில்லை. அவள் ஐவருக்கும் பொது. தருமன் ஏற்கனவே தன்னை இழந்தவன். பணயமாக அவள் பெயரை எடுத்ததே சகுனிதான். எனவே அவள் வெல்லப்படவில்லை. அத்தனையும் விதி சார்ந்த வாதங்கள், ஒன்றில்கூடக் கண்ணீர் இல்லை.

மறுத்து எழுகிறவன் கர்ணன். தருமன் தன் சொத்து முழுவதையும் பணயம் வைத்தான், அவள் அதில் அடக்கம், எனவே வெல்லப்பட்டவள் என்கிறான். தொடர்ந்து, பெயர் சொல்லியே அவளைப் பணயம் வைத்தான், பாண்டவர்கள் மறுக்கவில்லை, எனவே வெல்லப்பட்டவள் என்றும் சொல்கிறான். குடியானவர் பீரங்கி நினைவிருக்கிறதா? அவள் மொத்தச் சொத்தில் அடக்கம் என்றால், அவளைத் தனியாகப் பணயம் வைத்த ஆட்டம் அர்த்தமற்றது, அப்போது அவளும் இல்லை, தருமனிடம் வைக்க எதுவும் இல்லை. தனியாகப் பணயம் வைத்தது செல்லும் என்றால், அவள் சொத்தில் அடங்கவில்லை, அப்போது வரிசைக் கேள்வி உயிரோடு இருக்கிறது. ஏதாவது ஒன்றை எடுத்து முழுதாக நிற்க வேண்டும். கர்ணன் இரண்டிலும் தனக்கு வேண்டிய பாதியை எடுக்கிறான். கர்ணன் மேல் எனக்குத் தனிப்பட்ட பிரியம் உண்டு, 1964ல் வந்த சிவாஜி படம்தான் காரணம். ஆனால் இந்த இடத்தில் அவன் வெறும் ரூல்ஸ் வக்கீல்.

பீஷ்மர் என்ன சொன்னார்? தருமத்தின் கதி நுட்பமானது. சொத்தில்லாதவன் அடுத்தவர் பொருளைப் பணயம் வைக்க முடியாது. ஆனாலும் மனைவி கணவனுக்கு உட்பட்டவள் என்று காண்கிறோம். ஆகையால் என்னால் முடிவு சொல்ல இயலவில்லை. இரண்டு பிரிவுகள் மோதுகின்றன, கோப்பு நிலுவையில். பிறகு தருமனே சொல்லட்டும் என்கிறார். துரியோதனன் அதைத் தம்பிகள் பக்கம் தள்ளுகிறான்: தருமன் எங்களுக்குத் தலைவன் இல்லை என்று நால்வரும் சொல்லட்டும், விட்டுவிடுகிறேன். ஆடும்வரை தலைவர்தான், தன்னைத் தோற்ற பிறகு யாருக்குத் தலைவர் என்பதைக் குருவம்சத்தார் சொல்லுங்கள் என்று அர்ஜுனன் பந்தைத் திருப்பி அவைக்கே அனுப்புகிறான். சுற்றிச்சுற்றி வருகிறது. கடைசியில் நரி ஊளையிட, திருதராஷ்டிரன் பயந்துபோய் வரம் கொடுக்கிறான். கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. விதிப்படி அவள் விடுதலை பெறவில்லை, அபசகுனத்தால் பெற்றாள்.

பாரதி இங்கே பீஷ்மரை மாற்றுகிறார், அல்லது தெளிவாக்குகிறார். அவருடைய வீட்டுமர் முடியவில்லை என்று நழுவவில்லை. முன்னொரு காலத்தில் ஆணும் பெண்ணும் நிகர் என்று இருந்தது, பிறகு மாறிவிட்டது. இன்றைய நீதி நூல்படி மனைவியை விற்கலாம், தானம் தரலாம். இது விலங்குத்தனம்தான், ஆனால் நூல் அப்படித்தான் சொல்கிறது, தடுக்க எனக்குத் திறமில்லை. கதையாட்டக்காரர்கள் எழுதியபடி விதி, நோக்கப்படி விதி என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். பாரதியின் பீஷ்மர் அந்தப் பிரிவைத் தெரிந்தே வைத்திருக்கிறார். நோக்கம் என்னவாக இருந்தது என்றும் தெரியும், எழுத்து கெட்டுப்போனதும் தெரியும். தெரிந்தே எழுத்தின் பக்கம் நிற்கிறார். 1912ல் வெளிவந்த முதல் பாகத்தில் இந்தக் காட்சி இல்லை. பாரதி இறந்து, 1924ல் அச்சான இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது. ஆகவே சட்டம் அப்படித்தான் என்று சொல்லும் பெரியவரைப் பாரதி எப்படிப் பார்த்தார் என்பது அவர் காலத்து வாசகர் பலருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பாரதி இன்னொன்றும் செய்கிறார், அதுதான் விமரிசனமாக எனக்கு முக்கியம். தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்தில் கவி கதையை நிறுத்தித் தானே உள்ளே வந்து திட்டுகிறார். கோயில் பூசாரி சாமி சிலையை விற்பது போலவும் வாசல் காவலாளி வீட்டைப் பணயம் வைத்துத் தோற்பது போலவும் இருக்கிறது என்கிறார். கவனியுங்கள், இது பகடை பற்றிய புகார் இல்லை, சகுனி பற்றியதும் இல்லை. எதைப் பணயம் வைக்கலாம் என்ற கேள்வி. வரிசைக் கேள்விக்கு முந்தையது. தருமன் தன்னைத் தோற்கும் முன்பே அவளை வைத்திருந்தால் சரியாகிவிடுமா? திரௌபதியின் ஓட்டை அந்த நிலையில் அடைபட்டுப் போகும். பாரதியின் கேள்வி அடைபடாது.

இப்போது கையேட்டுக்குத் திரும்பலாம். நல்லெண்ணத்தோடு படியுங்கள் என்கிறது. அந்தச் சபையில் நல்லெண்ணத்தோடு படித்தவர் யார்? தருமன்தான். பதிலி விதியைச் சந்தேகித்தும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான். ஓட்டையைத் துருவியவர்கள் இரண்டு பேர்: சகுனி, திரௌபதி. கையேட்டின் கண்ணில் இரண்டு பேரும் ஒன்றுதான், விதியைச் சுரண்டுபவர்கள். இதுதான் என்னை உறுத்திய குறை. சகுனியின் ஓட்டை ஏற்கனவே பலமாக இருப்பவனுக்கு இன்னும் பலம் சேர்த்தது, சத்தமே இல்லாமல் நுழைந்தது, யாரும் தருமம் நுட்பமானது என்று நெற்றியைச் சுருக்கவில்லை. திரௌபதியின் ஓட்டை, பேச வேறு வழி இல்லாதவளின் ஒரே ஆயுதம். அதற்கு மட்டும் அவை முழுக்க ஆராய்ச்சி. ஓட்டை ஓட்டைதான் என்று பொதுவாகப் பேசுகிற எந்த அறிவுரையும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

மேஜையிலும் இதே வேறுபாடு வருகிறது. நாங்கள் ஐந்து பேர், ஈரோடு, பெங்களூரு, ஒருவர் டொராண்டோ, ஞாயிறு இரவில் ஆன்லைனில் ஆடுகிறோம். ஒரு வாரம் ஒருவர் வரவில்லை, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். வராதவரின் பாத்திரத்தைக் குழு ஓட்டலாம் என்பது எங்கள் விதி. குகை வாசலில் பொறி இருக்கிறதா என்று பார்க்க, அன்று யாரை முதலில் அனுப்பினார்கள் என்று சொல்லவே வேண்டாம். விதிப்படி சரி. மூன்று வருஷம் வளர்த்த பாத்திரம் போய்விட்டது. மறுவாரம் அவர் வந்து ஒரே கேள்வி கேட்டார்: "நான் இல்லாதப்ப என் ஆளை வச்சு ஆட யாருங்க உங்களுக்கு உரிமை குடுத்தது?" அவரும் விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு ஓட்டையோடுதான் வந்திருந்தார், அந்தப் பாத்திரத்துக்கு முன்பே ஒரு சாபம் இருந்தது, அதன்படி அவன் தானாக எந்தக் குகைக்குள்ளும் நுழைய மாட்டான். உண்மையைச் சொன்னால் பலவீனமான வாதம். டன்ஜன் மாஸ்டர் ஐந்து நிமிஷம் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மூடினார். "ஆள் உயிரோட இருக்கான். இனி வராதவங்க ஆளைப் பணயம் வைக்கிறதில்ல." அவ்வளவுதான். சாபத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. வாதத்துக்குப் பின்னால் இருந்த கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார்.

இந்த வகை நடுவர் எங்கிருந்து வந்தார் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1824ல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் அட்டவணை, எல்லாவற்றுக்கும் பகடை. ஆட்டம் நத்தை மாதிரி நகரும். 1876ல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதும் என்றார். டன்ஜன் மாஸ்டர் இந்த இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை. புத்தகமும் உண்டு, தீர்ப்பும் உண்டு. புத்தகத்தில் பதில் இல்லாதபோது தீர்ப்பு சொல்வதற்காகத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். புத்தகம் தெளிவாக இருந்தால் அவர் எதற்கு?

கையேடு இதை அரைகுறையாகச் சொல்கிறது. ஆட்டக்காரருக்கு நல்லெண்ணம் வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு, நடுவர் யாருடைய ஓட்டை என்று பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. நம் கிரிக்கெட்டிலும் இதே கதை நடந்தது. 1947 டிசம்பரில் சிட்னியில் வினு மன்கட், பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிய பில் பிரவுனை ரன் அவுட் செய்தார். எழுபது வருஷம் அது மன்கட் பெயரிலேயே ஒரு வசவாக இருந்தது. 2019 மார்ச் 25ல் ஜெய்ப்பூரில் நம்ம அஷ்வின் ஜாஸ் பட்லரை அப்படி அவுட் செய்தபோது உலகமே ஆட்டத்தின் ஆன்மா பற்றிப் பாடம் எடுத்தது. கோட்டைத் தாண்டியவரைப் பற்றி யாரும் அந்த அளவுக்குப் பேசவில்லை. 2022ல் அந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற தலைப்பிலிருந்து எடுத்து 'ரன் அவுட்' தலைப்பின் கீழ் வைத்தார்கள்.

பீஷ்மரிடம் கடைசியாக ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. இரண்டாவது சூதில் தோற்றபோது ஒப்பந்தம்: 12 வருஷம் வனவாசம், 13வது வருஷம் யாருக்கும் தெரியாமல் வாழ வேண்டும், கண்டுபிடித்தால் மறுபடி 12 வருஷம். விராட நாட்டுப் பசுக்களைக் கவரப்போன இடத்தில் அர்ஜுனன் வெளிப்பட்டுவிடுகிறான். கெடு முடிந்ததா இல்லையா? துரியோதனன் முடியவில்லை என்று நம்புகிறான். துரோணர் பீஷ்மரைக் கேட்கச் சொல்கிறார். எந்த நாட்காட்டிப்படி என்ற தெளிவு ஒப்பந்தத்தில் இல்லை. விதி மறுபடி ஓட்டையோடு நிற்கிறது, தேதிக் கணக்குப் பிழைகளோடு மல்லுக்கட்டும் எங்கள் தொழில்காரர்களுக்கு ரொம்பப் பரிச்சயமான ஓட்டை.

இந்த முறை பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு இரண்டு அதிக மாதம் வரும், அப்படிப் பார்த்தால் பதின்மூன்று வருஷத்தில் ஐந்து மாதமும் பன்னிரண்டு இரவும் கூடுதலாகவே ஆகிவிட்டது, பாண்டவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று இரவுக் கணக்கோடு தீர்ப்பு சொல்கிறார். நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 13ஐ 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 5.2 மாதம், அதாவது ஐந்து மாதமும் ஆறு நாளும். பன்னிரண்டு இரவு வரவில்லை.